பதினெட்டு வயதுக்கு அப்புறம்

காட்கோபரிலிருந்து மான்கூர்த்துக்குப் போகும் சாலை சில கிலோமீட்டர்தான். அதன் ஓரத்தில் வளரும் பையன் ஓர் ஆளாகி நிற்கக் கடக்க வேண்டிய தூரம் அதைவிட அதிகம்.

மாலை ஆறு மணிக்கு காட்கோபர் ஸ்டேஷனில் யாரும் நடப்பதில்லை. கூட்டம் அவர்களைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் மத்திய ரயில்வேயின் லோக்கல்கள் ஆட்களைக் கொட்டுகின்றன. மறுபக்கம் 2014 ஜூனில் ஓடத் தொடங்கிய மெட்ரோ, வெர்ஸோவாவிலிருந்தும் அந்தேரியிலிருந்தும் இன்னொரு கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. கிழக்குப் பக்கம் இறங்கினால் குஜராத்தி உலகம். வல்லப் பாக் சந்தின் தின்பண்டக் கடைகளில் தோசைக்குள் சீஸ், தோசைக்குள் ஐஸ்கிரீம் என்று நடக்கும் விபரீதங்களைப் பார்த்து எந்தத் தமிழரும் ஒரு நிமிடம் திகைத்து நிற்பார்.

ஆனால் கடைவீதியில் கவனிக்க வேண்டிய காட்சி வேறு. ஜவுளிக்கடையோ பாத்திரக்கடையோ, கல்லாவுக்குப் பக்கத்தில் மீசை அரும்பிய ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். அப்பாவும் சித்தப்பாவும் அவனைக் கவனிக்காததுபோல் கவனித்துக்கொண்டிருப்பார்கள். சில்லறையைத் தப்பாகக் கொடுத்தால் வாடிக்கையாளர் எதிரிலேயே திட்டு விழும். ராத்திரி அதே அப்பாவோடு உட்கார்ந்து சாப்பாடு. பத்து வருஷம் இப்படிப் போனபின் ஒருநாள் கடைச் சாவி அவன் இடுப்பில் இருக்கும். அவன் எந்தத் தேதியில் பெரியவனானான் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது.

ஸ்டேஷனிலிருந்து சற்று தள்ளி, கிழக்கு விரைவு நெடுஞ்சாலையை ஒட்டி, மறுசீரமைப்புத் திட்டத்தில் முகம் மாறிக்கொண்டிருக்கும் காமராஜ் நகர். பெயரே ஊரைச் சொல்லிவிடும். இங்கும் தாராவியிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஊரிலிருந்து வந்த பையன் முதலில் மாமாவின் இட்லி வியாபாரத்தில் பாத்திரம் கழுவுவான். பிறகு சட்னி அரைப்பான். பிறகு அலுமினியப் பாத்திரத்தை சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவான். வசதி வேறு, முறை ஒன்றுதான். யாரோ ஒருவர் பக்கத்தில் இருக்க, தப்புச் செய்து, திட்டு வாங்கி, மெல்ல மெல்ல ஆளாவது.

மாமா இல்லாதவன் கதி? அப்பா குடித்துச் செத்தவன், வீட்டில் அடி தாங்காமல் ரயிலேறியவன், பதினாலு வயதில் திருட்டு வழக்கில் சிக்கியவன், பதினாறில் பவுடருக்கு அடிமையானவன்? அவர்களுக்கு அந்தப் பத்து வருஷத்தை யாராவது செயற்கையாக உண்டாக்கித் தர வேண்டும். அதற்காக ஏற்பட்டவைதான் மறுவாழ்வு இல்லங்கள். அவற்றில் முக்கியமான சில, காட்கோபரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

ரயிலில் போவது கஷ்டம். காட்கோபர் மத்திய ரயில்வேயின் பிரதான பாதையில் இருக்கிறது, மான்கூர்த் துறைமுகப் பாதையில். குர்லா போய் மாற வேண்டும். ஆட்டோவோ பஸ்ஸோ உத்தமம். செட்டா நகரில் குன்றின்மேல் கோயில்கொண்டிருக்கும் திருச்செம்பூர் முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினால் காட்கோபர்-மான்கூர்த் இணைப்புச் சாலை. அதன்மேல் 2021 ஆகஸ்டில் திறந்த மேம்பாலத்தில் ஏறினால் சுமார் மூன்று கிலோமீட்டருக்குக் கீழே இருப்பது எதுவும் கண்ணில் படாது. கீழ்ச் சாலையில் போனால் எல்லாம் தெரியும்: சிவாஜி நகர், பைங்கன்வாடி, ஜரிகை வேலை நடக்கும் சின்னச் சின்ன அறைகள், காயலான் கடைகள், பின்னால் மலைபோல் தேவ்னார் குப்பைமேடு. 2009-ம் ஆண்டுக்கான மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் நகரின் வார்டுகளிலேயே கடைசி இடம் பிடித்த 'எம் கிழக்கு' இதுதான்.

தேவ்னாரில் நகரத்தின் குப்பையைக் கொட்ட ஆரம்பித்தது 1927-ல் என்பார்கள். பம்பாயின் அநாதைச் சிறுவர்களையும் வழி தவறிய சிறுவர்களையும் பார்த்துக்கொள்ள 'சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டி' தொடங்கப்பட்டதும் அதே 1927-ல்தான். நகரம் தனக்கு வேண்டாததை எங்கே வைப்பது என்று ஒரே வருஷத்தில் இரண்டு விதமாக யோசித்திருக்கிறது. அந்தச் சொசைட்டியின் இல்லங்கள் இருப்பது இணைப்புச் சாலை போய்ச் சேரும் மான்கூர்த்தில்.

சொசைட்டிக்கு ஆதாரம் 1924-ன் பம்பாய் குழந்தைகள் சட்டம். இந்த விஷயத்தில் முன்னோடி சென்னை மாகாணம்: நாட்டின் முதல் குழந்தைகள் சட்டம் 1920-ல் அங்கே வந்தது. இரண்டு வருஷம் கழித்து வங்காளம், அதற்கும் இரண்டு வருஷம் கழித்து பம்பாய். அதுவரை குற்றம் செய்த சிறுவனுக்கும் சிறைதான். மும்பை டோங்ரியில் இன்றைக்கும் 'ரிமாண்ட் ஹோம்' என்று வழங்கும் உமர்காடி இல்லம் ஒரு காலத்தில் நிஜமாகவே சிறை. கோலாப்பூர் அவதூறு வழக்கில் 1882-ல் பால கங்காதர திலகரும் அகர்க்கரும் 101 நாள் இருந்த டோங்ரி ஜெயில் அதுதான். காட்கோபருக்கு அடுத்தாற்போல், தென்னாட்டு ரயில்கள் பல வந்து நிற்கும் குர்லா டெர்மினசுக்கும் திலகர் பெயர்தான். ஊரைவிட்டு ஓடிவரும் பையன் திலகர் பெயர் தாங்கிய ஸ்டேஷனில் இறங்கி, திலகர் இருந்த கட்டடத்தில் போய்ச் சேருவது மும்பையில் சாதாரணமாக நடக்கக்கூடியது.

இதைவிடப் பழையது மாஹிமில் இருக்கும் டேவிட் சாசூன் தொழிற்பள்ளி. தாராவியிலிருந்து நடக்கிற தூரம். பாக்தாதிலிருந்து வந்து பம்பாயில் பெரும் வணிகரான யூதர் டேவிட் சாசூனின் பெயரால் 1857-ல் ஏற்பட்ட சீர்திருத்தப் பள்ளி. ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்துவிட்டால் பையன் திருந்திவிடுவான் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. தச்சு, தையல், தறி. பாதி உண்மைதான். கையில் தொழில் இருப்பவனுக்குப் பசி குறைவு. ஆனால் ராத்திரி தூக்கத்தில் அலறும் பையனுக்கு உளிப் பிடிக்கத் தெரிந்து என்ன பிரயோஜனம் என்ற கேள்வியை யாரும் ரொம்ப நாள் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போனது மான்கூர்த்திலிருந்துதான். மும்பைப் பத்திரிகையாளர் ஷீலா பர்ஸே, மான்கூர்த்தின் புதிய கூர்நோக்கு இல்லத்தில் சிறுவர்கள் தேவையில்லாமல் நெடுங்காலம் வைக்கப்படுகிறார்கள், கூலி இல்லாமல் வேலை வாங்கப்படுகிறார்கள் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். விஷயம் மேல்முறையீட்டில் டெல்லி போய், 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கூர்நோக்கு இல்லத்தில் சிறுவர்களை நீண்ட நாள் வைக்கக் கூடாது. இருக்கும் நாட்களில் அவர்களுக்குத் தரும் வேலை வாழ்க்கைக்கு ஏற்ற பக்குவத்தையும் தன்னம்பிக்கையையும் வளர்ப்பதாக இருக்க வேண்டும். சிறார் வழக்குகளை விசாரிப்பவர்களுக்குக் குழந்தைகளின் மனது தெரிந்திருக்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் 'மனது' என்ற விஷயத்துக்கு ஓர் இடம் கிடைத்தது இப்படித்தான். அதே மாதம்தான் நாடு முழுமைக்குமான முதல் இளைஞர் நீதிச் சட்டமும் வந்தது. 2000-த்தின் சட்டம் ஆண் சிறுவனின் வயது வரம்பைப் பதினாறிலிருந்து பதினெட்டாக உயர்த்தியது. இப்போது நடப்பில் இருப்பது 2015-ன் சட்டம்.

சிகிச்சையும் வசிப்பும் சேர்ந்த இல்லம் என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும். காலை ஐந்தரை ஆறுக்கு எழுப்புவார்கள். உடற்பயிற்சி, குளியல், பாய் மடிப்பது, பெருக்குவது. ஒருவனுக்குச் சமையலறை முறை, இன்னொருவனுக்குத் தண்ணீர் முறை. பிறகு பள்ளியோ பட்டறையோ. மாலையில் விளையாட்டு, பிறகு வட்டமாக உட்கார்ந்து பேச்சு. நாளைக்கும் இதேதான். இந்த 'நாளைக்கும் இதேதான்' என்பதில்தான் மருந்து இருக்கிறது. ரயில் மேடையில் வளர்ந்தவனுக்கு நாளை என்பதே கிடையாது. ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு நிச்சயம் வரும் என்று அவன் உடம்பு நம்புவதற்கே மாதங்கள் ஆகும். அதுவரை ரொட்டியைத் தலையணைக்கடியில் ஒளித்துவைப்பான். அதற்காகத் தண்டிக்கும் வார்டன் அவனை இழப்பார். பார்த்தும் பார்க்காததுபோல் போகிறவர் ஜெயிப்பார், காட்கோபர் கடைக்காரரைப் போல.

போதைக்கு அடிமையானவர்களுக்கான இல்லங்களில் இந்த ஒழுங்கு இன்னும் இறுக்கமானது. எண்பதுகளில் பிரௌன் ஷுகர் மும்பையைப் பிடித்தபோது பையன்கள் கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். அவர்களுக்குத் தெரு வைத்த பெயர் 'கர்துல்லா'. பவுடரை நிறுத்திய முதல் சில நாள் உடம்பு படும் பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'டர்க்கி'. மூக்கிலும் கண்ணிலும் நீர், எலும்புக்குள் வலி, வாந்தி, தூக்கமின்மை. அந்தக் கட்டம் சுமார் ஒரு வாரத்தில் தணியும். மனதின் ஏக்கம் தணிய ஒரு வருஷம் போதாது. 1981-ல் பாந்த்ராவில் பாதிரியார் ஜோ பெரேரா தொடங்கிய 'கிருபா' அமைப்பு, குடியர் சங்கத்தின் பன்னிரண்டு படிகளோடு ஐயங்கார் யோகாவையும் சேர்த்துக்கொண்டது. 1986-ல் புணேயில் டாக்டர் அனிதா அவசட்டும் எழுத்தாளர் அனில் அவசட்டும் தொடங்கிய 'முக்தாங்கண்' ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான உள்ளிருப்பு முறையை வகுத்தது. சென்னையில் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-லேயே டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி மையத்தை ஏற்படுத்தியிருந்தார். இத்தகைய இடங்களில் ஒரு பொது அம்சம் உண்டு: நேற்றைய நோயாளி இன்றைய ஆலோசகர். தான் விழுந்த குழியைப் பற்றிப் பேச விழுந்தவனைவிடத் தகுதியானவன் யார்? உலகமெங்கும் 'சிகிச்சைச் சமூகம்' என்று பரவிய முறையின் சாரமும் இதுதான்.

மூன்றாவது வகை, இல்லத்தை வீடாக்குவது. மும்பையில் 1962-ல் இயேசு சபைப் பாதிரியார்கள் தொடங்கிய 'ஸ்நேகசதன்' நூற்றுக்கணக்கான பையன்களை ஒரே கொட்டடியில் அடைக்கவில்லை. சாதாரணக் குடியிருப்புகளுக்கு நடுவே சின்ன வீடுகள், ஒவ்வொன்றிலும் பார்த்துக்கொள்ளப் பெற்றோர் ஸ்தானத்தில் ஆட்கள். வடாலாவில் 1987 முதல் இயங்கும் டான் பாஸ்கோ ஷெல்டர், தெருவிலிருந்து நேராக வருகிறவனுக்கு முதல் கூரை. தேவ்னாரில் உள்ள டாடா சமூக அறிவியல் கழகம் 1990-ல் தொடங்கிய 'பிரயாஸ்' திட்டத்தின் ஆட்கள், சிறைக்குள் போய்விட்ட இளைஞர்களையும் தேடிப்போகிறார்கள். அதே கழகத்திலிருந்துதான் 1996-ல் 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசியும் பிறந்தது.

ஓடிவரும் தமிழ்ப் பையனின் விஷயத்தில் ஒரு கூடுதல் சிக்கல். சட்டப்படி அவனை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தியாக வேண்டும். அங்கே கேள்வி மராத்தியிலோ இந்தியிலோ வரும். சாப்பாடு கேட்கவும் பஸ்ஸுக்கு வழி கேட்கவும் வேண்டிய இந்தி ஒரு மாதத்தில் வந்துவிடும். அப்பா ஏன் அடித்தார் என்று சொல்ல வேண்டிய இந்தி எத்தனை வருஷமானாலும் வராது. அழுகைக்குத் தாய்மொழிதான். லட்சக்கணக்கில் தமிழர் வாழும் நகரத்தில், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சங்கங்களும் கோயில்களும் நிறைந்த நகரத்தில், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்க ஒரு தமிழ்க் காது கிடைத்தால் எந்த மனநல நிபுணரின் பாதி வேலையும் முடிந்துவிடும்.

இத்தனையும் சரியாக நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். பையன் தேறிவிட்டான். கோபம் குறைந்தது, படிப்பு வந்தது. பிறகு ஒருநாள் காலண்டர் தன் வேலையைக் காட்டும். அவனுக்குப் பதினெட்டு நிறைகிறது.

குழந்தைகள் இல்லம் பதினெட்டு வரை. குற்ற வழக்கில் வந்தவனுக்குச் சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்று வருஷம். அதற்குப் பிறகு? சட்டத்தில் பதில் இருக்கிறது. 'பிற்காப்பு' என்று அதற்குப் பெயர். இல்லத்தைவிட்டு வெளியே போகிறவனுக்கு 21 வயதுவரை, விசேஷக் காரணம் இருந்தால் 23 வரை உதவலாம். 2016-ன் விதிகள் ஆறிலிருந்து எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் தற்காலிக வீடு, தொழிற்பயிற்சி, ஆலோசகர் என்று அழகாகவே எழுதியிருக்கின்றன. மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' 2022-ன் வழிகாட்டுதல்படி மாதம் 4,000 ரூபாய். ஆனால் சட்டத்தின் 46-வது பிரிவு சொல்வது நிதி உதவி வழங்கப்பட'லாம்' என்று. அந்த 'லாம்' என்பதில்தான் எத்தனையோ பையன்கள் சறுக்கி விழுகிறார்கள்.

மும்பையில் 4,000 ரூபாய்க்குச் சிவாஜி நகரில்கூட சௌகரியமான அறை கிடைப்பது துர்லபம். கிடைத்தாலும் டெபாசிட் கேட்பார்கள். முகவரிச் சான்று கேட்பார்கள். சான்றில் இல்லத்தின் பெயர் இருந்தால் புருவத்தை உயர்த்துவார்கள். வேலைக்குப் போனால் ஜாமீனுக்கு ஆள் கேட்பார்கள். சிறுவயதுக் குற்றம் எந்தத் தகுதியையும் பறிக்கக் கூடாது என்று 24-வது பிரிவு சொல்லலாம். கடை முதலாளி சட்டம் படித்தவரல்ல. அதுவரை மணியடித்தால் சாப்பாடு என்று வளர்ந்தவனுக்கு வாடகை, மின்சாரக் கட்டணம், வங்கிக் கணக்கு, காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பது எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழும். பழைய சிநேகிதன் மட்டும் எந்தச் சான்றும் கேட்க மாட்டான். பழைய பவுடரும் அப்படித்தான்.

1988-ல் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்ட மீரா நாயரின் 'சலாம் பாம்பே' படத்தில் நடித்தது மும்பைத் தெருச் சிறுவர்கள்தான். பெங்களூரிலிருந்து ஓடிவந்து அதில் கதாநாயகனான ஷஃபீக் சையதுக்கு, சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கிடைத்தது. கைதட்டல் ஓய்ந்த பிறகு அவர் ஊர் திரும்பி ஆட்டோ ஓட்டினார். கௌரவமான பிழைப்புதான். ஆனால் அந்தப் படம் வேறொன்றைச் செய்தது. அதன் வருமானத்திலிருந்து தெருச் சிறுவர்களுக்காக 'சலாம் பாலக்' அறக்கட்டளை உருவானது. ஒரு கைதட்டல் ஒரு நாளைக்கு. ஒரு நிறுவனம் வருஷக்கணக்கில் என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

வெள்ளைக்காரன் ஊரில் இதற்கு வழி கண்டுவிட்டார்களா? பதினாறு முதல் இருபத்தொன்று வயதினருக்கு என்று 'பார்ஸ்டல்' பள்ளிகளை உலகுக்குக் கொடுத்தது இங்கிலாந்து. அதைப் பார்த்து சென்னை மாகாணமும் பம்பாய் மாகாணமும் இருபதுகளில் தனித்தனியே சட்டம் போட்டன. அதே இங்கிலாந்து 1982-ல் பார்ஸ்டலை ஒழித்தது. அதிகாரம் இருந்தது, அன்பு இல்லை என்பது அனுபவம். பிறகு அவர்கள் வயதைத் தள்ளினார்கள். வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளை 21 வரை அங்கேயே தங்கலாம் என்று 2014-ல் வந்தது. காப்பகத்தைவிட்டு வந்தவர் கேட்டால் 25 வயதுவரை ஓர் ஆலோசகரை வைத்துக்கொள்ளலாம் என்று 2017-ல் சட்டமே வந்தது. மனித மூளையில் நிதானத்துக்கும் முன்யோசனைக்கும் பொறுப்பான பகுதி முதிர்ச்சி அடைய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது என்று நரம்பியல் சொல்கிறது. நம் வீட்டுப் பாட்டிமார்கள் இதைக் கல்யாணப் பேச்சு நடக்கும்போது எப்போதோ சொல்லிவிட்டார்கள்: பையனுக்கு இன்னும் விளையாட்டுப் புத்தி போகவில்லை.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. அப்பா, அம்மா, படிப்பு, சொந்த அறை எல்லாம் உள்ள வீட்டுப் பையனை இருபத்தேழு வயதுவரை குழந்தை என்கிறோம். முதல் வேலை பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டு வந்தால் சோறு போட்டு, அடுத்த வேலைக்குத் தேடச் சொல்கிறோம். எதுவுமே இல்லாத பையன் மட்டும் பிறந்தநாள் அன்று காலையில் ஆண்பிள்ளையாக எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு, சறுக்காமல் நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இல்லம் தர வேண்டியது தொழிலும் ஒழுங்கும் மட்டுமல்ல. திரும்பிவந்து கதவைத் தட்டும் உரிமை. தீபாவளிக்கு வந்து சாப்பிடும் உரிமை. வேலை போய்விட்டது என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் படுத்துக் கிடக்கும் உரிமை. பழைய மாணவர்கள் வந்து போகும் இல்லங்களில் புதிய பையன்களும் தேறுகிறார்கள் என்றால் அதில் அதிசயம் இல்லை. வெளியே போனவன் திரும்பவும் வரலாம் என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள்.

இருட்டிய பிறகு மான்கூர்த்திலிருந்து திரும்பும் வழியில் இணைப்புச் சாலை லாரிகளால் நிறைந்திருக்கிறது. தேவ்னார் பக்கமிருந்து வரும் காற்றில் புகை வாசனை. காட்கோபர் கிழக்கில் கடைகள் மூடும் நேரம். ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. ஒரு கடை வாசலில் பூட்டுப் போடுவது பையனின் வேலை. பூட்டிவிட்டு இரண்டு அடி வைக்கிறான். அப்பா எதுவும் சொல்லாமல் திரும்பிப் போய்ப் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறார். நாளைக்கும் இழுத்துப் பார்ப்பார். இன்னும் சில வருஷம் பார்ப்பார்.